எனக்கு வீட்டு ஞாபகமே வராது

வீட்டை விட்டு வெளியூர் போகிறவர்களை இரண்டே ரகமாகப் பிரித்துவிடலாம். வீட்டை நினைத்து அழுகிறவர்கள் முதல் ரகம். இவர்களால் யாருக்கும் தொந்தரவு கிடையாது. அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, சாப்பிடப் போய்விடுவார்கள். இரண்டாவது ரகம்தான் வில்லங்கம். "எனக்கு வீட்டு ஞாபகமே வராது" என்று சொல்கிறவர்கள். கேட்டதற்குச் சொன்னால் பரவாயில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம், முடிவெட்டுகிறவரிடம், வழி கேட்க வந்தவரிடம் என்று, கேட்காத ஆளாகத் தேடிப் பிடித்துச் சொல்வார்கள்.

ஹாஸ்டலில், கப்பலில், வெளியூர் வேலையில் என்று இவர்கள் எங்கும் இருக்கிறார்கள். ஆனால் கலப்படமில்லாத சரக்கைப் பார்க்க வேண்டுமா? பண்டிகை நாளில் மார்மன் என்ற கிறிஸ்தவ சபையின் மிஷனரி ஒருவரைப் பாருங்கள்.

தெரியும்தானே? வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, நெஞ்சில் கறுப்பு பேட்ஜ், எங்கே போனாலும் ஜோடியாக. அழைப்பு மணி அடித்ததும் கதவுக்கு இந்தப் பக்கம் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோமே, அந்தப் பக்கம் சிரித்த முகமாக நிற்பவர்கள். மீசை ஒழுங்காக முளைக்காத வயதில் இரண்டு வருஷ ஊழியத்துக்கு வருகிறார்கள். வந்ததும் சபை அவர்களுக்குக் கொடுக்கிற பட்டம் 'எல்டர்', அதாவது மூப்பர்!

நம்முடைய மூப்பரைப் பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். வயது இருபது. வந்து ஒரு வருஷம் ஓடிவிட்டதால் ஜோடியில் அவர்தான் சீனியர். கூட இருக்கும் சின்னவர் போன மாதம்தான் வந்தார். சின்னவர் முதல் ரகம். தலையணை உறை காய்வதற்குள் அடுத்த அழுகை வந்துவிடும்.

இவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஜோடியில் ஒருவர், மற்றவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத இடத்துக்குப் போகக் கூடாது. குளியலறை ஒன்றுதான் விதிவிலக்கு. ஆகவே பெரியவர் சாவகாசமாகக் குளிப்பார். குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக் குளிப்பார். வெளியே வரும்போது கண் லேசாகச் சிவந்திருக்கும். சோப்பு பட்டுவிட்டதாம். எந்த சோப்பு என்று சின்னவர் கேட்டதில்லை. நாமும் கேட்க வேண்டாம்.

பண்டிகை அன்று காலையில் சின்னவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பெரியவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டபடி உபதேசத்தை ஆரம்பித்தார்.

"வேலையில மனச வைங்க எல்டர். எனக்கெல்லாம் வீட்டு ஞாபகமே வராது. வந்த புதுசுலயே வரல. இப்ப எங்க வீட்ல அப்பா லைட் கட்ட ஏணியில ஏறியிருப்பாரு. அம்மா கீழ நின்னு திட்டுவாங்க. தங்கச்சி சத்தமில்லாம இனிப்பு டப்பாவத் திறப்பா. இதையெல்லாம் நான் நினைச்சே பார்க்கறதில்ல."

"நினைக்காமலேவா எல்டர் இவ்வளவு தெரியுது?"

"ஷூவைத் துடைங்க."

இதில் வேடிக்கை என்னவென்றால், அன்று சாயங்காலம் வீட்டுக்கு போன் பேசலாம் என்பதற்காகவே பெரியவர் ஒரு வாரமாக உயிரோடு இருந்தார். ஜோடிக்கு ஒரே போன். அதற்கு ராத்திரி சார்ஜ் போட்டு, காலையிலும் ஒரு தடவை போட்டு, ஜன்னலுக்குப் பக்கத்தில் எந்த மூலையில் சிக்னல் தெளிவாக வருகிறது என்று தற்செயலாக நடப்பது மாதிரி நடந்து பார்த்து வைத்திருந்தார். ஆனால் போன வாரம் அம்மாவிடம் அவர் சொன்னது என்ன தெரியுமா? "பண்டிகை அன்னிக்கு எனக்கு வேலை தலைக்கு மேல இருக்கும்மா. சும்மா ரெண்டு நிமிஷம் கூப்பிடறேன். எனக்காக யாரும் காத்துட்டு இருக்க வேண்டாம்."

பண்டிகை நாளில் மிஷனரிகளுக்கு ஒரு சோதனை உண்டு. சபையில் உள்ள வீடுகளெல்லாம், பெத்தவங்களைப் பிரிஞ்ச பிள்ளைங்க என்று இரக்கப்பட்டு விருந்துக்குக் கூப்பிடும். ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டுக்குப் போகாவிட்டால் மனஸ்தாபம். எனவே எல்லா வீட்டிலும் முதல் வீடு மாதிரியே பசியோடு சாப்பிட வேண்டும்.

முதலில் தையற்காரர் வீடு. அவர் மனைவி கரண்டியும் கையுமாக நின்று கேட்டார். "அம்மா ஞாபகம் வருதா தம்பி?"

"ரொம்ப வருதும்மா" என்றார் சின்னவர். அவ்வளவுதான். அவர் தட்டில் இன்னொரு கறித்துண்டு விழுந்தது, தலையை ஒரு கை தடவியது, பொட்டலமாக இனிப்பு வேறு.

"எனக்கு வராதும்மா. பழகிடுச்சு" என்றார் பெரியவர்.

"அப்படியா, நல்லது" என்று கரண்டி அவரைத் தாண்டிப் போய்விட்டது. இந்த ரகத்துக்கு வருகிற நஷ்டமெல்லாம் இப்படித்தான், வாயால் வருகிறது. விடுவாரா? "எங்க வீட்ல இதுக்கு இவ்வளவு உப்பு போட மாட்டாங்க" என்று சொல்லி, வர இருந்த இனிப்பையும் கெடுத்துக்கொண்டார்.

அடுத்தது பஸ் டிரைவர் வீடு. வாசலில் டிரைவர் லைட் கட்டிக்கொண்டு ஏணியில் நின்றார். மனைவி கீழே நின்று, "விழுந்து தொலைக்கப் போறீங்க" என்று திட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு, "நீங்க இறங்குங்க சார், நான் பார்த்துக்கறேன்" என்று கிட்டத்தட்ட ஏணியைப் பிடுங்கி ஏறினார். கட்டினார். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினார். சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தம்பி, லைட் எரிஞ்சு ரொம்ப நேரமாச்சு. இறங்கி வாங்க" என்றார் டிரைவர்.

இறங்கியவர் கண்ணைத் துடைத்தபடி சொன்னார். "மேல தூசி சார்."

சாயங்காலம் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அறைக்கு வந்து சேர்ந்தார்கள். முதலில் சின்னவர் பேசினார். பேசினார் என்பது மரியாதைக்கு. இந்த முனையில் அவர் அழ, அந்த முனையில் அம்மா அழ, அப்பா போனைப் பிடுங்கிச் சமாதானம் சொல்ல வந்து தானும் சேர்ந்துகொள்ள, கடைசியில் எல்லோரும் மூக்கைச் சிந்திவிட்டு எதற்கோ சிரித்தார்கள். போனை வைத்த சின்னவர், தையற்காரர் வீட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

பெரியவர் டையைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் மூலைக்குப் போனார். அந்தப் பழைய போனில் ஸ்பீக்கரில் போட்டால்தான் குரல் கேட்கும்.

"ஹலோ, சும்மாதான்மா கூப்பிட்டேன். நல்லா இருக்கேன். வேலை தலைக்கு மேல இருக்கு."

"இங்கயும் அப்படித்தான்டா. வீடு நிறைய ஆளுங்க. ஒரே சிரிப்பும் கும்மாளமும். உன்னை நினைக்கக்கூட நேரமில்ல, போ. உன் கட்டில்ல சித்தப்பா தூங்கறாரு. சரி, உனக்கு வேலை கெட்டுப்போகும். வைக்கட்டுமா?"

"ம். வைம்மா."

முடிந்தது. ஒரு வாரத்துக் காத்திருப்பு, இரண்டு தடவை சார்ஜ், எல்லாம் இதற்குத்தான். பெரியவர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். நினைக்கக்கூட நேரமில்லையாம்! கொஞ்சம் கெஞ்சுவாள், "எப்படா வருவே" என்பாள், தாம் பெருந்தன்மையாகத் தேற்றலாம் என்றல்லவா காத்திருந்தார்? நெஞ்சு வலித்தது. சொல்லிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

சின்னவர் மென்றுகொண்டே சொன்னார். "உங்கம்மா அப்படியே உங்கள மாதிரியே பேசறாங்க எல்டர்."

"என்ன மாதிரி?"

"வேலை இருக்கு, ஞாபகம் வரல, எல்லாம் அச்சு அசல் நீங்கதான். வீடு நிறைய ஆளுங்கன்னாங்க, ஆனா ஒரு குரல்கூட கேக்கல. தண்ணி ஓடற சத்தம்தான் கேட்டுச்சு. குழாயை முழுசா திறந்துவிட்டிருந்தாங்க போல."

அந்தக் குழாய்ச் சத்தத்தைப் பெரியவருக்கு நன்றாகத் தெரியும். உலகத்திலேயே அவரைவிட அதை நன்றாகத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்? மறுபடியும் அழைத்தார். மணி ஒரு தடவை அடிப்பதற்குள் அம்மா எடுத்துவிட்டாள்.

"என்னடா, எதையாவது மறந்துட்டியா?" பின்னால் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, முதல்ல குழாயை மூடு."

சத்தம் நின்றது.

"எனக்கு வீட்டு ஞாபகமா இருக்கும்மா."

"எனக்கு மட்டும் இல்லியாடா பாவி" என்றாள் அம்மா. அதற்கு மேல் அவளாலும் முடியவில்லை, இவராலும் முடியவில்லை.

சின்னவர் எழுந்தார். காதுக்கு எட்டாத இடம் என்று சட்டப்படி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. இனிப்புப் பொட்டலத்தோடு அதற்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயை முழுசாகத் திறந்துவிட்டார்.

நல்லவேளை, நீங்கள் இந்த ரகமில்லை என்கிறீர்களா? சந்தோஷம். போன பண்டிகைக்கு ஊரிலிருந்து போன் வந்தபோது, "இங்க ஒரே ஜாலி, நல்லா சாப்ட்டேன், வைக்கட்டுமா" என்று நீங்கள் சொன்னது முழுக்க உண்மை என்றே நம்புகிறேன். நான் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு உங்கள் குளியலறையில் ஏன் அவ்வளவு நேரம் தண்ணீர் ஓடியது என்று கீழ்வீட்டுக்காரர்தான் விசாரித்தார்.