மாதிரியில் உள்ளபடி

எங்கள் ஊரில் ஓர் ஆறு ஓடுகிறது என்பது நகராட்சியின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அதுவரை துணி துவைப்பவர்களும் அக்கரைக்குப் போகிறவர்களும் மட்டுமே அதை அறிந்திருந்தார்கள். ஆற்றங்கரையை அழகுபடுத்தாத ஊரை இப்போது யாரும் ஊராகவே மதிப்பதில்லை. ஆகவே நடக்கிறவர்களுக்கு நடைபாதையும், வந்து பார்க்கிறவர்களுக்குப் பெஞ்சும், இருவருக்கும் பொதுவாக விளக்குகளும் அமைப்பதெனத் தீர்மானம் நிறைவேறிற்று.

ஆலோசகர் ஒருவர் வந்து மாதிரி ஒன்று செய்து தந்தார். ஆணையர் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், பஞ்சு மரங்களும் தீக்குச்சி விளக்குகளுமாக அது வீற்றிருந்தது. ஆறு இருக்க வேண்டிய இடத்தில் நீலக் கண்ணாடி. அழகுக்காக இக்கரை ஓரத்தில் ஒரு குட்டிப் படகைப் பசை தடவி ஒட்டியிருந்தார். மேலிடம் அந்த மாதிரியை அப்படியே அங்கீகரித்தது.

வேலை முடிந்ததும் ஆய்வுக்குழு வந்தது. மாதிரியின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கரையோடு ஒப்பிட்டார்கள். மரங்கள் சரி. விளக்குகள் எரியவில்லை, மாதிரியிலும் எரியவில்லை, எனவே அதுவும் சரி. படகை மட்டும் காணோம். ஊரிலிருந்த ஒரே படகு அந்நேரம் அக்கரையில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. 'விலகல்' என்று குறிப்பெழுதிவிட்டுக் குழு சாப்பிடப் போயிற்று.

கணவர் போனபின் அந்தப் படகை ஓட்டிப் பிழைத்துவந்த படகுக்காரம்மா, ஆணையர்முன் அழைக்கப்பட்டார்.

"மாதிரியில படகு எங்கம்மா இருக்கு?"

"இந்தக் கரையில, சார்."

"நிஜத்துல எங்க இருந்துச்சு?"

"அந்தக் கரையில. ஆள் ஏத்தப் போயிருந்தேன்."

"அதான் தப்பு."

"படகுன்னா போகும், வரும், சார்."

"ஒப்புதல் வாங்கின படகு போகாதும்மா."

"அதுல ஆறே ஓடலையே. வெறும் கண்ணாடியால்ல இருக்கு."

ஆணையர் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். "ஆத்தைப் பத்திக் குழு ஒண்ணும் கேட்கல," என்றார்.

படகு சங்கிலியால் பூட்டப்பட்டது. ஊரார் நாங்கள் முணுமுணுத்தோம். மனுவில் கையெழுத்தும் போட்டோம். பிறகு பெஞ்சுகள் வசதியாக இருப்பதைக் கண்டு, அவற்றில் அமர்ந்து முணுமுணுக்கத் தொடங்கினோம்.

அக்கரை மக்கள் வழக்கம்போல் துறைக்கு வந்து, படகைக் கூப்பிட்டுக் கையசைத்தார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் அவர்களுடைய அன்பில் நெகிழ்ந்து பதிலுக்குக் கையசைத்தார்கள். 'அக்கரை மக்களின் விருந்தோம்பலை மாலை வேளையில் கண்டு மகிழ்க' என்று நகராட்சி பலகை வைத்தது.

அப்படிக் கையசைத்தவர்களில் படகுக்காரம்மாவின் மகளும் ஒருத்தி. அக்கரையில் வாழ்க்கைப்பட்டவள், நிறைமாதம். மருத்துவமனையோ இக்கரையில். பாலம் சுற்றி வருவதானால் இரண்டு பேருந்து மாறி அரைநாள் குலுங்க வேண்டும். ஒரே ஒரு தடவை பூட்டைத் திறந்துவிடும்படி தாய் நகராட்சிப் பொறியாளரிடம் மன்றாடினார். மாதிரியில் மகள் இல்லை என்பதைப் பொறியாளர் சுட்டிக்காட்டினார். சேர்ப்பதானால் திருத்திய மாதிரி மேலிடம் போய்த் திரும்ப வேண்டும்; பிரசவத்தை அதுவரை ஒத்திவைக்க முடியுமா என்றும் பரிவோடு விசாரித்தார்.

அடுத்த மாலை மகள் கையசைக்கவில்லை. துறையில் சுருண்டு உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பார்வையாளர்களுக்குச் சற்று ஏமாற்றந்தான். படகுக்காரம்மா ஒரு கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தார். படகு நகர்ந்ததும் பெஞ்சிலிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். கைப்பேசிகள் உயர்ந்தன.

"முடியலம்மா," என்று திரும்பிவரும் படகில் மகள் முனகியது கரைவரை கேட்டது.

"இதோ வந்தாச்சுடி. பல்லைக் கடிச்சுக்கோ."

படகு கரை சேர்ந்தபோது கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அடுத்த காட்சி எப்போது என்று ஒருவர் கேட்டார். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம்.

அரசுப் பூட்டை உடைத்த குற்றத்துக்குப் படகைப் பறிமுதல் செய்வதற்கென்றே கூட்டம் கூடிற்று. ஆனால் பார்வையாளர்களின் பாராட்டு மேலிடத்தை எட்டிவிட்டிருந்தது. ஆகவே குற்றம் நிகழ்ச்சியாக மாற்றப்பட்டது. மாலைதோறும் படகுக்காரம்மா பூட்டை உடைத்து, அக்கரை சென்று, கர்ப்பிணியை ஏற்றிவர வேண்டும். மறுத்தால் படகு பறிமுதல். பாதுகாப்புக் கருதி உண்மையான கர்ப்பிணிகளுக்கு அனுமதி இல்லை. அலுவலகத் தட்டச்சர் வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு, நகராட்சி ஜீப்பில் பாலம் சுற்றி அக்கரைக்கு அனுப்பப்பட்டார்.

பிள்ளை பெற்றவள் புருஷன் வீடு திரும்ப விரும்பினாள். பச்சைக் குழந்தையோடு அரைநாள் பேருந்தில் குலுங்க முடியாது. படகு அந்தப் பக்கம் காலியாகத்தானே போகிறது, அதில் என் மகளை விட்டுவிடுகிறேன் என்று தாய் கேட்டார். காலியாகப் போனால்தான் தாயின் தவிப்பு பார்வையாளர்களுக்கு விளங்கும் என்று ஆலோசகர் கருத்துரைத்தார். ஜீப்பிலாவது ஏற்றிக்கொள்ளுங்கள் என்றதற்கு, அரசு வாகனத்தில் பொதுமக்கள் ஏறலாகாது என்பது நினைவூட்டப்பட்டது.

எனவே அவள் ஒரு மாலை குழந்தையோடு கரைக்கு வந்து அமர்ந்தாள். அக்கரைத் துறையில் தலையணைத் தட்டச்சருக்குப் பக்கத்தில் அவள் கணவன் நின்றிருந்தான். பாலம் சுற்றி வர வேலை விடாததால் அதுவரை அவன் பிள்ளையைப் பார்த்ததில்லை. அவள் எழுந்து, குழந்தையை இரு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.

"கொஞ்சம் உட்காரும்மா, மறைக்குது," என்றது முன்வரிசைப் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

வெளியூர்க்காரர் குரல் அன்று. அந்த வரிசை முழுவதும் நாங்கள்தான் அமர்ந்திருந்தோம்.