மாட்டுக்கு வேலை வாங்கித் தந்த சலூன்காரர்

ராமநாதபுரம் மாவட்டத்திலேயே மாட்டுக்கு அரசாங்க வேலை வாங்கிக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் சலூன்காரர்தான். அவர் கத்தரிக்கோலைத் தொட்டதே இல்லை. முப்பது பசுவும் நாலு எருமையும் வைத்திருந்தார். அவை கண்மாய்க் கரையில் மேய்வதை மேய்ச்சல் என்று சொல்லவே மாட்டார், கட்டிங் என்பார்; அதில் ஒட்டிய பெயர்தான் சலூன்காரர். கரைப் புல்லுக்குப் பசு, தண்ணீரில் நிற்கும் கோரைக்கு எருமை. என் வழுக்கையைப் பார்த்த முதல் நாளே, "இங்கன நம்ம மாட்டுக்கு வேலை இல்ல சார்" என்றார்.

அந்தக் கண்மாய் ஒரு பறவைகள் சரணாலயம். நான் அங்கே கிளார்க். பறவைகளுக்குத் தொந்தரவு என்று வேலி போட்டு மாடுகளைத் தடுத்தோம். 'கால்நடைகளுக்கு அனுமதி இல்லை' என்று தகரப் பலகையில் எழுதியவன் நான். என் கையெழுத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இரண்டே மழைக்காலத்தில் புல் இடுப்பளவு வளர்ந்தது. கரையில் இறங்கும் வாத்தும் உள்ளானும் வருவதை நிறுத்திவிட்டன.

சலூன்காரர் தினமும் ஆபீசுக்கு வந்தார். வேறு மேய்ச்சல் இல்லாததால் மாடுகளை விற்க வேண்டிய நிலை. அதை விட்டுவிட்டுப் பறவைகளுக்காக வாதாடினார். "எறங்குன பறவ, நரி வருதான்னு பாக்கணும்ல சார்? இம்புட்டு ஒசரம் பொதராக் கெடந்தா எங்கன பாக்கும்?"

எங்கள் அதிகாரி மடக்கினார். மாடு சீமைக் கருவேலங்காயைத் தின்றுவிட்டுக் கரையில் சாணி போட்டால் அந்த முள்மரம் முளைக்குமே என்றார்.

"வயித்தக் கழுவாம நம்ம மாடு கரையில கால் வைக்காது" என்றார் சலூன்காரர். வயலில் நாலைந்து நாள் கிடை போட்டு, வைக்கோல் மட்டும் கொடுத்து, விதையெல்லாம் வெளியேறிய பிறகுதான் ஓட்டி வருவாராம். வயலில் முளைப்பது உழவோடு போய்விடும். அதிகாரி நம்பவில்லை, கிடை போட்டுக் காட்டச் சொன்னார். ஆறாம் நாள் காலை அவரும் நானும் வயலில் குந்தி, ஆளுக்கொரு குச்சியால் சாணியைக் கிளறினோம். ஒரு விதைகூட இல்லை!

உத்தரவு வந்தது: பாதிக் கரையில் மேயலாம். இந்தப் பருவத்தில் பறவை வராவிட்டால் மாடுகள் நிரந்தரமாக வெளியே. உத்தரவை வாங்கியவர் மாடுகளுக்கு எதிரே நின்று வரி விடாமல் வாசித்துக் காட்டினார்.

கோடையெல்லாம் கட்டிங் நடந்தது. ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகை கழிந்தும் ஒரு பறவையும் இறங்கவில்லை. மாட்டுத் தரகர் வந்து பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார். நான் தினமும் கரைக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மார்கழியில் ஒருநாள் காலை சலூன்காரரிடமிருந்து போன் வந்தது. "சார், கெளம்பி ஓடியாங்க."

ஓடினேன். மேய்ந்த பாதியில் தரையே தெரியவில்லை, அத்தனையும் பறவை! மேயாத பாதியில் ஒன்றுகூட இல்லை. நான் குதிக்காத குறைதான். அவரோ மேயாத பக்கத்தைக் காட்டிக் கேட்டார்: "அந்தத் தலை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு சார்?"

அதற்கும் அனுமதி கிடைத்த அன்றே என் பலகையை நானே பிடுங்கி அவரிடம் கொடுத்தேன். இப்போது அது அவருடைய கன்றுக்குட்டிகளின் கொட்டகைக்குக் கூரை. அவை படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் 'கால்நடைகளுக்கு அனுமதி இல்லை' என்று தெரியும். என் கையெழுத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்ததே இல்லை.