அத்தான் படத்தில் இரண்டு பெண்கள்

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் நலமாயிருக்க வேண்டும். நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, உன் அத்தான்தான் காரணம்.

கட்டட வரைபடம் போட்டு ஓய்வு பெற்ற மனுஷன், சும்மா இருக்கமாட்டாமல் டேப்லெட்டில் படம் வரைய ஆரம்பித்ததும், பழைய அலுவலகத்தார் காலண்டருக்காகப் பருவத்துக்கு ஒரு படம் கேட்டதும் உனக்குத் தெரியும். அன்றிலிருந்து வீட்டுக்குப் பூ வருகிறது. கல்யாணமான நாள்முதல் எனக்கென்று ஒரு பூக்காம்புகூட வாங்காதவர், ரோஜாவும் சாமந்தியுமாக அள்ளி வந்து, கூடத்து மேசையில் ஜாடியில் வைத்து, இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, ஜன்னல் திரையை இழுத்து, விலக்கி, புது மாப்பிள்ளையைப்போல் உபசரிக்கிறார். தொலையட்டும் என்று விட்டேன். போன வாரம் அவர் குளிக்கப் போனபோது படத்தைத் திறந்து பார்த்தேனடா. குளிர்காலப் படத்தில் பூவுக்குப் பின்னால் சுவரில் ஒரு பெண்ணின் நிழல். நெடுநெடுவென்று, ஒடிசலாக. கோடைப் படத்தில் தரையில் இன்னொருத்தி. இவள் குள்ளம், குண்டு. ஒருத்தி போதாதென்று இரண்டு பேர்.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள், ஆளில்லாமல் நிழல் விழுமா? பூக்கடைக்காரியிடம் நைசாக விசாரித்தேன். வீட்டம்மாவுக்கா என்று அவள் கேட்டாளாம், இவர் சிரித்துக்கொண்டே போனாராம். வீட்டில் பல்லைக் காட்டாத மனுஷன். சாப்பிடும்போது யார் அது என்று நேராகவே கேட்டேன். "நிழல்தானே, விடு" என்கிறார், தட்டைப் பார்த்துக்கொண்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார். இந்த வயசுல நான் ஏமாந்து நிக்கணுமா, நீயே சொல்லு. மனசு ஆறல. மாடி அறையை ஒழித்து வை, ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வந்துவிடுகிறேன்.

குழந்தைகளுக்கு என் ஆசி, உன் மனைவிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
மனம் நொந்த உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் உன் அத்தான் வந்து கடிதத்தைப் படித்துவிட்டார். என்னை ஜாடிக்குப் பக்கத்தில் நிறுத்தி, மேசை விளக்கைத் தாழ்த்திப் பிடித்தார். சுவரில் நெட்டையாக எழுந்தாள் அவள். விளக்கை என் உச்சிக்கு மேல் தூக்கினார். காலடியில் குண்டாகச் சுருங்கினாள். "குளிர்காலத்துல வெயில் சாய்ஞ்சு விழும், கோடையில உச்சியில நிக்கும். ரெண்டும் நீதான்டி. முன்னாடியே சொன்னா நிப்பியா? தலைவாரிக்கிட்டு வந்து வெறைப்பா நிப்பே" என்றார். நான் கூடத்தில் துணி மடிக்கும்போதெல்லாம் பார்த்து வரைந்தாராம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆகையால் அறையை ஒழிக்க வேண்டாம். ஆனால் காலண்டர் அட்டைக்குக் கோடைப் படத்தைத்தான் கொடுத்திருக்கிறாராம். வருஷம் முழுக்க ஊரார் வீட்டுச் சுவரில் நான் குண்டாகத் தொங்குவதா? ஞாயிற்றுக்கிழமை நீ கட்டாயம் கிளம்பி வந்து, அந்த நெட்டைக்காரியைப் போடும்படி உன் அத்தானிடம் சொல்.