தொட்டுக் கும்பிட்ட பந்து

குழந்தைகள் தானாகவே பந்தை உதைக்கக் கற்றுக்கொள்ளும் என்று சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதலில் நடந்து போய்ப் பந்தில் மோதுமாம், அப்புறம் ஒற்றைக் காலில் நிற்கப் பழகுமாம், அப்புறம் உதைக்குமாம். என் மகள் நிலா மோதினாள், நின்றாள். அதோடு சரி.

டெல்லி ஜனக்புரியில் எங்கள் குடியிருப்பின் விளையாட்டு விழாவை, இருப்பதிலேயே சின்னக் குழந்தைதான் பந்தை உதைத்துத் தொடங்கிவைக்கும். அந்த வருஷம் இரண்டு வயது நிலாதான் சின்னவள். குடியிருப்புச் சங்க செக்ரெட்டரியோ தன் பேரன் பெயரைப் போட்டிருந்தார். (நன்றாக உதைப்பானாம். ஏன் உதைக்கமாட்டான், அவனுக்கு மூன்று வயது!) சும்மா விடுவேனா? அவர் வீட்டு வாசலில் நின்று எல்லா மாடிக்கும் கேட்கிற மாதிரி சண்டை போட்டு அந்த இடத்தை வாங்கினேன். (என் இந்தி கோபத்தில்தான் சரளமாக வரும்.)

விழா அன்று எல்லோர் கையிலும் போன். நிலா தத்தித் தத்திப் போனாள். பந்தில் கால் பட்டது. உடனே குனிந்து, பந்தைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

கற்றுக்கொடுத்தவளே நான்தான். புத்தகத்தில் கால் பட்டால், ஆள்மேல் பட்டால், "தொட்டுக் கும்பிடு" என்று அவள் நடக்க ஆரம்பித்ததிலிருந்து விரட்டியிருந்தேன். பந்துக்கு மட்டும் விலக்கு உண்டு என்று சொல்ல மறந்துவிட்டேன்.

"ஒதைடீ!" என்று கத்தினேன். மறுபடியும் கால் பட்டது, மறுபடியும் கும்பிட்டாள். "ஹாய், கித்னி ப்யாரி!" என்று கூட்டம் உருகியது. (என்ன செல்லமாம்!) செக்ரெட்டரி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இன்றைக்கும் வயிறு எரிகிறது.

"விடேன், கொழந்தைதானே" என்றார் என் கணவர். (இந்த மனிதருக்கு எதற்குத்தான் கோபம் வரும்?)

விறுவிறுவென்று மைதானத்துக்குள் போனேன். "இங்க பாரு, இப்படி!" என்று அந்தச் சிரிப்பை மனதில் வைத்து ஓங்கி உதைத்தேன். பந்து அங்கேயே இருந்தது. செருப்பு பறந்து போய் செக்ரெட்டரியின் நெஞ்சில் விழுந்தது.

எல்லா போனும் என் பக்கம் திரும்பின. போயும் போயும் செருப்பு! நிலா மட்டும் என் துப்பட்டாவைப் பிடித்து அவரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, தொத்து கும்பிது!"

வேறு வழி? யார் வாசலில் நின்று கத்தினேனோ அவரையே, மொத்தக் குடியிருப்பும் படம்பிடிக்கத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "கோயி பாத் நஹீ, பேட்டி" (பரவாயில்லையாம், நான் மகளாம்!) என்று அவர் என் தலையில் கைவைத்து ஆசீர்வாதமே செய்துவிட்டார். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

நிலா இப்போது பள்ளி அணியில் கோல்கீப்பர். (பந்தைக் கையால் தொட அவளுக்கு மட்டும்தான் அனுமதியாம்.) நான் யாரிடமாவது சண்டைக்குக் கிளம்பினால் போதும், அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

"அச்சா மம்மி, போய் சண்டை போடு. ஆனா செருப்பை வீட்லயே விட்டுட்டுப் போ."

கோபம் ஒன்றும் குறையவில்லை. வெறுங்காலோடுதான் போகிறேன்.