சந்திரலோகத்து ஆட்டைக் காணோம்

பெரியபட்டினம்,
14-11-1959

அன்பும் கண்ணியமும் மிக்க அலியார் மச்சான் அவர்களுக்கு, சதக் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் இங்கே உங்கள் தங்கை மெஹருன்னிசாவும் பிள்ளைகளும் சுகம். நான் மட்டும் சுகமில்லை. காரணம், கொழும்புப் புறக்கோட்டையில் பழைய புத்தகக் கடையெல்லாம் ஏறி இறங்கி நீங்கள் தேடி அனுப்பிய 'சந்திரனுக்குப் போன தோணி'.

பார்சலைப் பிரித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிறுவயதில் நீங்கள் வாசிக்க, நானும் மெஹருன்னிசாவும் வயிறு புண்ணாகச் சிரித்தோமே, அதே புத்தகம். அட்டையில் அதே தோணி. ருஷ்யாக்காரன் சந்திரனில் ராக்கெட்டை மோதிவிட்டான் என்று பாக்கர் டீக்கடையில் பேப்பர் படித்த அன்று, நம் கரைத் தோணி எப்போதோ அங்கே போய்விட்டது, மிளகு மூட்டை பிரிந்து மாலுமிகள் அத்தனை பேரும் சேர்ந்து தும்மிய வேகத்தில் பாய் புடைத்து மேலே கிளம்பியது என்று நான் சொன்னேன். பக்கத்து வீட்டு நெய்னா முகம்மது, அப்படி ஒரு புத்தகமே கிடையாது, எல்லாம் சதக்கின் கைச்சரக்கு என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது சொல்லிவிட்டார். அந்த மானக்கேட்டைத் துடைக்கத்தான் உங்களை அலையவிட்டேன்.

ஆகவே போன வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பாக்கர் கடையில் எல்லாரையும் உட்காரவைத்து வாசித்தேன். தோணி கிளம்பியது. தும்மலிலேயே பேசும் சந்திரவாசிகள் வந்தார்கள். நெய்னா முகம்மதே சிரித்து, டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன் மச்சான். அடுத்து ஆடு வரவேண்டும். சந்திரலோகத்து மாஜிஸ்டிரேட்டான ஆடு, வாதி மனுவையும் பிரதிவாதி மனுவையும் தின்று வழக்கை முடித்துவைக்குமே, அந்த ஆடு. ஊரில் நான் ஆயிரம் தடவை சொன்னது அதைத்தான். புரட்டினால் ஆடு இல்லை. முன்னால் புரட்டினேன், பின்னால் புரட்டினேன், கடைசிப் பக்கம் வரை ஆட்டின் வால்கூட இல்லை. நெய்னா முகம்மது எழுந்தார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"ஏலே பாக்கரு, இது கள்ளப் புத்தகம்ப்பா. சதக்கு சொன்ன புத்தகம் இது இல்ல. அதுல ஆடு இருக்கும்" என்றார்.

கடையில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். ஆடு இல்லாத புத்தகத்தைக் கொழும்புக்காரன் உங்கள் தலையில் கட்டிவிட்டான் என்று ஒரே கொந்தளிப்பு. புத்தகமே இல்லையென்று சாதித்த மனுஷன், இப்போ ஆட்டுக்காக ராமநாதபுரம் போய் வக்கீலைப் பாக்கணும்ங்கிறார். தினமும் என் வீட்டு வாசல்ல வந்து நின்னு, கொழும்புக்குத் தபால் போட்டாச்சான்னு கேக்குறார். நான் பள்ளிவாசலுக்குக் கொல்லைப்புறமாகப் போய் வருகிறேன்.

ஆகையால் இந்தப் புத்தகத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கடைக்காரனிடம் சண்டை போட்டாவது ஆடு உள்ள புத்தகத்தை வாங்கி அனுப்பவும். வீட்டில் எல்லாருக்கும் எங்கள் ஸலாம். உங்கள் உடம்புக்கும் வியாபாரத்துக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறோம்.

இப்படிக்கு,
சதக்

பி.கு.: உறையை ஒட்டும் முன் மெஹருன்னிசாவிடம் வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "புத்தகத்துல ஏது ஆடு? நடுப் பக்கத்தை அப்பவே நம்ம வீட்டு ஆடு தின்னுருச்சு. அந்தக் கோவத்துல அலியார் காக்கா அங்கன ஆட்டைப் போட்டு வாசிச்சாக" என்கிறாள். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் சொல்லும்போது நன்றாக இருந்ததாம். ஆகவே கடையில் தேட வேண்டாம். நீங்களே எழுதி, அச்சடித்து, வெயிலில் போட்டுப் பழுப்பேற்றி அனுப்பவும். சீக்கிரம் அனுப்பவும். நெய்னா முகம்மது மனசு உடைந்துபோய் இருக்கிறார்.