மேலுதட்டில் வந்த அம்மை

கைக்குட்டையில் கட்டிய ஐஸ் உருகி முழங்கை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்ரீலட்சுமி கண்ணாடியைவிட்டு நகரவில்லை. மேலுதடு முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்து கிடந்தது.

நாளைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள்!

"அடியே, கதவைத் திற! கடலை மாவும் மஞ்சளும் குழைச்சு வச்சிருக்கேன். தேய்ச்சுக் குளிச்சாத்தான் நாளைக்கு முகம் பளிச்சுன்னு இருக்கும்," என்று வெளியே அம்மா லலிதாம்பாள் தட்டினாள்.

மஞ்சளா! ஸ்ரீலட்சுமி தாழ்ப்பாளை இன்னொரு தடவை அழுத்திப் போட்டாள். நேற்றுச் சாயந்தரம்தான், வீட்டுக்குத் தெரியாமல், காளவாசலில் ஒரு தோல் ஆஸ்பத்திரிக்குப் போய் மேலுதட்டு முடிக்கு லேசர் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். "சிவப்பு தன்னால அடங்கிரும். ஐஸ் ஒத்தடம், கத்தாழை ஜெல், அம்புட்டுத்தான். வெயில்ல அலையாதீங்க. மஞ்சள், பவுடர் எதையும் போட்டுத் தேய்ச்சுறாதீங்க," என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

போன தடவை வந்த மாப்பிள்ளையின் அத்தை, கேசரியைத் தின்றுகொண்டே, "நம்ம பையனைவிடப் பொண்ணுக்கு மீசை நல்லா வருது," என்று சொன்னது சமையலறை வரைக்கும் கேட்டது. அந்த இடம் அத்தோடு போயிற்று. போனால் போகட்டும். ஆனால் நாளைக்கு வரப்போகும் ராகேஷை விட்டுவிட அவளுக்கு மனசே இல்லை. போட்டோவில் சிரித்த சிரிப்பு அப்படி. அதற்காகத்தான் அந்த ஆஸ்பத்திரிப் படியேறினாள். அங்கே ஏசியில்கூட ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். கொடுத்துவைத்தவன், யார் என்று ஒருத்தருக்கும் தெரியாது என்று அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

"மஞ்சள் வேணாம்மா, எரியுது," என்று கதவை ஒருக்களித்துத் திறந்தாள்.

லலிதாம்பாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த கிண்ணம் கீழே விழுந்தது.

"ஆத்தா! மாரியாத்தா! என்னங்க, ஓடி வாங்க! நம்ம வீட்டுக்கு ஆத்தா வந்திருக்கா!"

அப்பா நாகசுப்பிரமணியன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "என்னது, அம்மையா?"

இல்லை என்று சொல்லத்தான் ஸ்ரீலட்சுமி வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா அடுக்க ஆரம்பித்துவிட்டாள். "வெயில் படக் கூடாது. சோப்பு, பவுடர் ஆகாது. சொறியவே கூடாது. குளுமையா இளநி குடிச்சிட்டுப் படுத்துக்க."

அட, டாக்டரம்மா சொன்னதும் இதைத்தானே! ஸ்ரீலட்சுமிக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. "ஆமாம்மா, உடம்பெல்லாம் அனலாக் கொதிக்குது," என்று போய்ப் படுத்துவிட்டாள். நாளைக்குள் சிவப்பு அடங்கிவிடும். அம்மை இறங்கிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

வாசலில் வேப்பிலை ஏறியது. வீட்டில் எப்போதும் சௌராஷ்டிர மொழிதான். மாரியம்மனுக்கு அது புரியுமோ என்னவோ என்று அன்றைக்கு அப்பாவும் அம்மாவும் தமிழிலேயே பேசிக்கொண்டார்கள்.

வேப்பிலையைப் பார்த்த பிறகு அடுத்த வீட்டு ஜெயக்கொடி சும்மா இருப்பாளா? அம்மியில் எதையோ அரைத்து எடுத்துக்கொண்டு தலைமாட்டுக்கே வந்துவிட்டாள்.

"வேப்பிலையும் மஞ்சளும் கெட்டியா அரைச்சிருக்கேன். அப்பிவிட்டா ஆத்தா குளுந்துருவா."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். "வேணாம்க்கா!" என்று ஸ்ரீலட்சுமி போர்வைக்குள் புகுந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கூடத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "அம்மை கண்ட வீட்டுக்கு வெளியாளு வரக் கூடாது லலிதா. மூணு தண்ணி ஊத்தி முடியட்டும். அதுக்குள்ள ஆடி பிறந்துரும். ஆவணியில பாத்துக்குவோம். தரகரை வரச் சொல்லி போன் போட்டுட்டேன்."

ஆவணியா! லீவு முடிந்து ராகேஷ் பெங்களூருக்குப் போய்விடுவானே! அதற்குள் வேறு எவளாவது கேசரி கொடுத்து வளைத்துப்போட்டால்? போர்வையை உதறிவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள்.

"அப்பா! இது அம்மை இல்லப்பா! லேசர்! சத்தியமா லேசர்!"

லலிதாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தாயே! பிள்ளை வாயில வந்து பேசுறாளே! லேசருங்கிறாளே, அது என்ன படையல்னு தெரியலையே!"

"கோவிச்சுக்காத ஆத்தா. நீ கேக்குறதைச் செஞ்சுருவோம்," என்று பின்னாலேயே வந்த ஜெயக்கொடி விழுதுக் கையோடு கும்பிட்டாள். "எங்க வைக்கணும் அந்த லேசரை?"

"மேலுதட்டுலதான்க்கா! அதான் வச்சாச்சே!"

"கேட்டீங்களா, மேலுதட்டுலதான் வைக்கணுமாம்!" என்று ஜெயக்கொடி விழுதோடு முன்னேறினாள். ஸ்ரீலட்சுமி அப்பாவுக்குப் பின்னால் ஒளியப் போனாள். அப்பாவோ அவள் காலிலேயே விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பொய்யை உடனே நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் காலில் விழுகிறார்களே!

வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. தரகர் துளசிராம். வேப்பிலையைக் கண்டதும் படியேறாமல் தெருவிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

நாகசுப்பிரமணியன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க துளசிராம். பொண்ணுக்கு அம்மை. நாளைக்கு அவங்களை வர வேணாம்னு..."

துளசிராமுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"வயித்துல பாலை வார்த்தீங்கண்ணே! இதை எப்பிடி உங்ககிட்டச் சொல்றதுன்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வாரேன். நேத்து வெளிய போய்ட்டு வந்து ஹெல்மெட்டைக் கழட்டுனாராம், மாப்பிள்ளைக்கும் அம்மை! ஆனா இப்பிடி ஒரு அம்மையை நான் பாத்ததே இல்லண்ணே, ரெண்டு காதுல மட்டும்தான் போட்டிருக்கு!"