குனியா மைனி பலகை பிளக்கப் போன படலம்

வாழ்க அஜிதா! நெய்மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்த மாத்திரத்தில் அது கடலை விட்டு வந்து எத்தனை பொழுதாயிற்று என்று சொல்லிவிடும் கூர்விழியாள், கருங்கல் ஊர்ப் பேன்சி ஸ்டோரின் கல்லாவில் அமர்ந்தால் பேரம் பேச வந்தவர் வந்த காரியத்தை மறந்து கேட்ட காசை வைத்துவிட்டுப் போகும் பெருமிதத்தாள், மஸ்கட் நகரத்து ஏசி மெக்கானிக் ஜெனினின் மனையாட்டி, கழுத்துச் சுளுக்கு வந்த மாதத்திலும் ஒருவர் முன்னும் தலைகுனியாத தறுகண் மறத்தி, அவள் வாழ்க! அவள் வலக்கை வாழ்க! அக்கையின் நடுவிரல் முட்டி நீடூழி வாழ்க! சந்தைக்குப் பின்புறத்துக் கல்யாண மண்டபத்திலே, அடுப்பெரிக்கக்கூட யாரும் எடுத்துப் போகாத பாக்கிங் பலகை ஒன்றினை எதிர்த்து அவ்வீராங்கனை ஆற்றிய அரும்போரைப் பாட இதுவரை எந்தப் புலவருக்கும் வாய்க்கவில்லை. ஆகவே நான் சொல்கிறேன். நடுவில் எழுந்து போகிற ஆட்கள் இப்பவே போய்விடலாம்.

பகையென்றால் அதற்கொரு வேர் வேண்டுமே! வேர் முந்திரிக்கொத்து. சென்ற கிறிஸ்துமசுக்கு வறுத்த சிறுபயற்று மாவும் தேங்காயும் கருப்பட்டிப் பாகும் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, மாவில் தோய்த்து, எண்ணெயில் பொரித்து, ஒரு பானை நிறைய அடுக்கி வைத்தாள் அஜிதா. பாகு கொஞ்சம் முற்றிவிட்டது. யாருக்குத்தான் முற்றாது? சபையின் பெண்கள் ஐக்கியத்துச் சகோதரியர் சூழ அமர்ந்து, முன்பல்லால் முயன்றும் கடைவாய்க்குத் தள்ளியும் அதனோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்த அவ்வேளையிலே, ஜெனினின் தங்கையும், அண்ணன் மனைவியை மைனியென்று அழைப்பவளும், மாப்பிள்ளை குவைத்தில் இருப்பதால் பிறந்த வீட்டிலேயே கொடிநாட்டி வாழ்பவளும், வாய்க்குப் பூட்டென்று ஒன்று உண்டென்பதை அறியாதவளுமாகிய ஸ்மைலின் எழுந்து, அனைவரும் கேட்கப் பிரகடனம் செய்தாள்.

“மைனிக்க முந்திரிக்கொத்த தின்னணும்னா கராத்தே படிக்கணும், கேட்டியளா!”

சபை சிரித்தது. போதகரம்மாவும் சிரித்தார். அஜிதா மட்டும் சிரிக்கவில்லை. அன்று மூடிய வாய் அன்று மூடியதுதான். நாத்தனாரோடு ஒரே காம்பவுண்டு, ஒரே கிணறு, துணி காயப்போட ஒரே கொடி, ஆனால் பேச்சு மட்டும் கிடையாது.

இது போதாதென்று, பெருத்த உடம்பைக் குறைக்கும் நோக்கத்தோடு ஸ்மைலின் மெய்யாகவே கராத்தே வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். கேள்விப்பட்டதும் அஜிதாவுக்கு வயிறு பற்றியெரிந்தது. சொன்ன கேலி போதாமல் செய்தும் காட்டுகிறாளா இவள்! அடுத்த மாதமே தானும் வெள்ளுடை அணிந்து வந்து நின்றாள் நம் நாயகி. ஆத்திரத்தில் எடுக்கிற முடிவு எத்தகைய குழியில் கொண்டுபோய்த் தள்ளும் என்பது முதல் நாளே தெரிந்துபோயிற்று.

ஏனெனில், பகலில் ரப்பர் ஷீட் வியாபாரமும் மாலையில் கராத்தேயுமாக வாழ்ந்த வைகுண்டராஜன் மாஸ்டரின் அம்மண்டபத்திலே செல்லுபடியானது ஒரேயொரு சட்டம். குறைந்த பெல்ட்டுக்காரர் கூடின பெல்ட்டுக்காரருக்கு முதலில் குனிய வேண்டும். கூடுதலாகவும் குனிய வேண்டும். உறவுமுறையெல்லாம் செருப்போடு வாசலில் கிடக்கும். ஊர் உலகத்தில் அண்ணன் மனைவியைக் கண்டால் நாத்தனார் எழுந்து நிற்பாள்; இங்கேயோ, ஒரு மாதம் முந்திச் சேர்ந்த ஒரே தகுதியால் எப்போதும் ஒரு பெல்ட் முன்னே நின்ற ஸ்மைலினுக்கு, மைனியாகப்பட்டவள் வாரந்தோறும் வணங்கியாக வேண்டும்! அஜிதா வணங்கினாளா? பேன்ட் மடிப்பைச் சரி செய்யக் குனிந்தாள். காலில் முள் குத்தியதாகக் குனிந்தாள். காதில் கிடக்கும் கம்மலைத் தரையில் தேடிக் குனிந்தாள். வணக்கமென்று ஒருநாளும் குனியவில்லை.

இந்த வேதனைக்கு விடிவு ஒன்றே ஒன்று: பச்சை பெல்ட். ஸ்மைலின் பச்சையில் நின்றாள், அஜிதா ஆரஞ்சில் நின்றாள். பச்சைக்கு மேலே போக ஸ்மைலினுக்கு இன்னும் தவணை ஆகவில்லை. இந்தப் பரீட்சையில் பலகையைப் பிளந்து பச்சையைக் கட்டிவிட்டால் இருவரும் சமம். சமமானவர்கள் ஒரே நேரத்தில், ஒரே அளவு குனிந்தால் போதும். முந்துவதும் தாழ்வதும் இல்லை. தோற்றாலோ, அடுத்த பரீட்சை வரைக்கும் கம்மலைத் தேட வேண்டியதுதான். ஆகவே ஒரு மாதம் இராப்பகலாகப் பயிற்சி எடுத்தாள். கட்டிலில் கிடந்த தலையணைக்கு ஸ்மைலின் என்று மனதுக்குள் பெயரிட்டுக் குத்தினாள். அதன் பஞ்சு இரண்டு இடத்தில் வெளியே வந்துவிட்டது.

பரீட்சை நாளும் புலர்ந்தது. விடுமுறையில் வந்திருந்த ஜெனின், மனைவியின் மானம் தன் மானம் என்றெண்ணி, வாசல் நிலைக்கென்று மில்லில் அறுத்து வைத்திருந்த அயினி மரத்துத் தடியிலிருந்து ஒரு பலகை வெட்டி, இழைத்து, வார்னிஷும் அடித்து, குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தி வந்தான். “நம்ம வீட்டுப் பொம்பள போயும் போயும் ஆப்பிள் பெட்டிப் பலகையா உடைக்கது? நாலுபேரு பாக்காண்டாமா?” என்று அவன் முழங்க, மாஸ்டர் அதை விரலால் தட்டிப் பார்த்தார். அம்மியைத் தட்டினதுபோல் கேட்டது. “இத வீட்டுக்குக் கொண்டு போயி கதவு செய்யுங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்துப் பலகை அறம் ஓதப்பட்டது. தேர்வுக்கு வருகிறவர் முதலில் நடுவராகிய மாஸ்டரை வணங்க வேண்டும். பிறகு பலகை பிடிப்பவரை, கண்ணைப் பார்த்து, வணங்க வேண்டும். கைமுட்டியால் தொட்டுத் தூரம் அளக்கலாம். அளக்கிற சாக்கில் தள்ளக்கூடாது. வாய்ப்பு மூன்று. உடைந்தாலும் உடையாவிட்டாலும் முகம் சுளிக்கக்கூடாது, பலகையைப் பழிக்கக்கூடாது, பிடித்தவரையும் பழிக்கக்கூடாது. பார்க்கிறவர்கள் சிரிக்கக்கூடாது. பிடிப்பவர் பச்சை பெல்ட்டோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். பெண்கள் வகுப்பில் பச்சையை எட்டியவர்கள் மொத்தம் இரண்டு பேர். அவர்களில் பூங்கனி, இரணியலில் ஒரு புதுவீட்டுப் பால்காய்ச்சுக்குப் போய்விட்டாள். மிச்சம் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பலகையை இரு கையாலும் ஏந்தி, முழங்கை விறைத்து, நடுமண்டபத்தில் வந்து நின்றாள் ஸ்மைலின். எதிரே வந்து நின்றாள் அஜிதா. மின்விசிறிகள் சுழன்றன, பிளாஸ்டிக் நாற்காலிகள் கிறீச்சிட்டன, ஜெனினின் செல்போன் வீடியோ எடுக்கத் தொடங்கிற்று. நடுவரை நன்றாக வணங்கிய நாயகி, நாத்தனாரிடம் திரும்பியதும், நெற்றியில் விழாத முடியை ஒதுக்குவதுபோல் தலையை ஒரு நெல்லளவு தாழ்த்தி, உடனே நிமிர்ந்து, முட்டியால் அளந்து, பின்வாங்கி, வாசலில் நின்ற ஆட்டோக்காரரெல்லாம் எட்டிப் பார்க்கும்படி ஒரு கூவல் கூவி, தன் குலத்தின் கோபமனைத்தையும் கைமுட்டிக்கு வரவழைத்து, விட்டாள் ஒரு குத்து! “டொப்” என்றது. பலகையும் ஸ்மைலினும் சேர்ந்து ஒரு முழம் பின்னே போனார்கள். பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை.

விரல் முட்டியிலிருந்து தோள்வரை மின்சாரம் ஓடியது அஜிதாவுக்கு. வேணுமென்றேதான் பின்னே போகிறாள்! தோற்கடிக்கிறாள்! கிறிஸ்துமஸ் முதல் கட்டிக்காத்த மோனத் தவம் அக்கணமே கலைந்து, நம் நாயகி திருவாய் மலர்ந்தாள்:

“ஒழுங்கா பிடிக்கப்படாதாட்டி?”

“பிடிச்சிட்டுதான மைனி நிக்கியேன்” என்றாள் ஸ்மைலின். பலகைக்குப் பின்னால் தன் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டாம் முறை இன்னும் மோசம். அஜிதா ஓடிவரும்போதே ஸ்மைலின் கண்ணை இறுக மூடிக்கொண்டு, “ஆண்டவரே, எனக்க விரலு, எனக்க விரலு” என்று வாய்விட்டு ஜெபிக்கத் தொடங்கினாள். குத்து வந்து சேருமுன்பே பலகை பின்னோக்கிப் புறப்பட்டுவிட்டது. வலியில் அஜிதாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. முகம் சுளிக்கக்கூடாது என்ற அறத்தைக் காத்து, சுளிக்காத முகத்தோடு அழுதாள்.

“இன்னும் ஒண்ணு இருக்கு” என்றார் மாஸ்டர்.

அடுத்துப் பேசியவள் ஸ்மைலின். பலகைக்கு மேலே கண்ணை மட்டும் காட்டி, மெதுவாக, மைனிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். “வணக்கம் சொல்லாம வாறதுனால, பலகைய அடிக்க வாறியளா என்னை அடிக்க வாறியளான்னு எனக்கு வெளங்கல்ல மைனி. நான் நிக்கணும்னுதான் நெனைக்கியேன். காலு தன்னால பின்னால போவுது.”

அஜிதாவுக்குச் சுருக்கென்றது. அவள் குத்திய இரண்டு குத்தும் பலகைக்குப் போன குத்தா? பலகைக்குப் பின்னால் இருந்த முகத்துக்குப் போன குத்தல்லவா! பஞ்சு பிதுங்கிய தலையணை கண்முன் வந்து நின்றது. இவள் இத்தனை பயத்தோடும் பலகையைக் கீழே போட்டுவிட்டுப் போகாமல் நிற்கிறாளே, எனக்காக அல்லவா நிற்கிறாள் என்று நினைத்ததும் வெட்கம் வந்தது. நல்ல வெட்கம், காதுவரை சுட்ட வெட்கம்.

இனி நிகழ்ந்ததைச் சொல்ல எனக்கு நா எழவில்லை; எழுப்பிச் சொல்கிறேன். வேளிமலைக் காற்று நின்றது. மின்விசிறியும் நின்றது, அது மின்வெட்டு. மாமியார் முன் வளையாததும், மஸ்கட்டிலிருந்து வீடியோ காலில் கணவன் கெஞ்சியபோது வளையாததும், வங்கி மேனேஜரைக் கண்டபோதும் கம்பமென நின்றதுமாகிய அம்முதுகெலும்பு, ஒவ்வொரு கணுவாக யோசித்து யோசித்து, இடுப்பிலே இணங்கி, தோளிலே தளர்ந்து, கழுத்திலே கடைசியாக ஒருமுறை தகராறு செய்து, பின் அதையும் விட்டுக்கொடுத்து, மண்டபத்து மனிதர் யாவரும் மூச்சடக்கிப் பார்க்க, முள்ளின்றி, கம்மலின்றி, பேன்ட் மடிப்பின்றி, முழுசாகக் குனிந்தது.

“பலகையத்தான் அடிப்பேன் மக்கா. பயப்படாத” என்றாள் குனிந்தபடியே.

ஸ்மைலின் கண்ணைத் திறந்தாள். மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். இரண்டு காலையும் அகட்டித் தரையில் ஊன்றி, முழங்கையை விறைத்து, “வாங்க மைனி!” என்று முழங்கினாள். அஜிதா கூவினாள், பாய்ந்தாள், குத்தினாள். சடாரென்று பலகை நடுவே பிளந்து, ஒரு பாதி ஸ்மைலினின் இடக்கையிலும் மறுபாதி வலக்கையிலும் நின்றது. விரல் பத்தும் அங்கங்கே இருந்தன.

கைதட்டல் எழுந்தது! ஜெனின் விசிலடித்ததில் வீடியோ முழுவதும் ஆடிப்போயிற்று. மாஸ்டர் வந்து ஆரஞ்சை அவிழ்த்துப் பச்சையைக் கட்டினார். ஆயினும் அறத்தில் இன்னும் ஒன்று பாக்கி: முடிந்தபின்னும் பிடித்தவருக்கு வணக்கம். இப்போது இருவரும் சமம், முந்துவதில்லை, தாழ்வதில்லை. இத்தனை மாதத்து வணக்கத்தையும் சேர்த்துத் தருபவள்போல் அஜிதா வேகமாகக் குனிய, அதே வேகத்தில் ஸ்மைலினும் குனிய, இரண்டு தலையும் ‘ணங்’கென்று மோதின. சிரிக்கக்கூடாதென்ற விதியைக் காக்க மாஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. நெற்றியைப் பிடித்தபடி இருவரும் தரையில் உட்கார்ந்து, வலியில் அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று ஒருவருக்கும் தெரியாதபடி கிடந்தார்கள்.

எட்டுத்திக்கும் முரசறைக! பச்சைக்கொடி பறக்க, பலகை பிளந்த பெருந்திருவாட்டி, வெற்றிவாகை சூடிய வீரமைனி, தன் சேனையோடும் பிளந்த பலகையின் இரு பாதிகளோடும் கருங்கல் சந்தை வீதிவழியே திருநகர் மீண்டாள் என்று பார் எங்கும் பறையறைக! மைனிக்குக் கை வீங்கிப்போனதால் அன்றைக்குப் பாத்திரம் முழுவதையும் ஸ்மைலின் தேய்த்தாள்.